தாத்தாவின் பம்பையும் எட்டாவது வரியும்

வாட்ஸ்அப் குழு: பாப்பாரப்பட்டி வீடு
ஞாயிற்றுக்கிழமை

ஓசூர் அக்கா, காலை 6:40
தம்பி, நேற்று இரவு நீ அனுப்பிய, தாத்தா பம்பை மேளம் வாசித்த பதிவை மூன்று முறை கேட்டுவிட்டேன். ஒரு காதில் வெண்கலப் பம்பை, மறு காதில் மரப் பம்பை. பிள்ளைகள் எழுந்து வந்து, "ஊரில் திருவிழாவா?" என்று கேட்கிறார்கள்.

நான், 6:52
மகிழ்ச்சி அக்கா. ஒவ்வொன்றுக்கும் தனி மைக் வைத்தேன். முன்னறைச் சுவரில் பாட்டியின் பழைய கம்பளியையும் சணல் சாக்குகளையும் தொங்கவிட்ட பிறகுதான் எதிரொலி அடங்கியது. மின்விசிறியை நிறுத்தியதால் தாத்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் முறை வாசிக்கும்முன் தோலை வெயிலில் காட்டிவிட்டு வந்தார். நீங்கள் கேட்பது அந்த இரண்டாவது பதிவு.

அத்தை, 7:05
நடுவில் உன் தாத்தா தொண்டையைக் கனைக்கிறார். அதை வெட்டிவிடாதேடா.

நான், 7:06
வெட்டமாட்டேன் அத்தை. அந்தக் கனைப்புக்குப் பிறகுதான் தாளம் மாறுகிறது. கரகம் எடுப்பவருக்கு அவர் கொடுக்கும் சைகை அது.

அப்பா, 7:31
பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் இவன் ஓசூர் வேலையை விடப்போகிறேன் என்கிறான், அதையும் பேசுங்கள். ஒரு நாள் கீபோர்டு, ஒரு நாள் கிட்டார், ஒரு நாள் குறும்படத்துக்குப் பின்னணி இசை, மறுநாள் நகைக்கடை விளம்பரம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.

கிருஷ்ணகிரி சித்தப்பா, 7:48
அண்ணா, நான் மெல்லிசைக் குழுவில் பதினான்கு ஆண்டுகள் கீபோர்டு மட்டுமே வாசித்தேன். கல்யாண மேடைகள் குறைந்தபோது என் கையில் வேறு தொழில் இல்லை. அந்த வலி எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்தார். கன்னடப் படங்களுக்கு நிறைய இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் முதல் படம் வந்தபோது 33 வயதை நெருங்கிவிட்டார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் சிம்பொனி அரங்கேறியபோது வயது 81. இதில் எந்த மரத்தை அவர் வீணாகப் பார்த்தார்?

அப்பா, 7:55
அவர் லட்சத்தில் ஒருவர். நம் வீட்டுப் பையனுக்கு அவரை உதாரணம் காட்டாதே.

கிருஷ்ணகிரி சித்தப்பா, 8:03
உயரத்தைச் சொல்லவில்லை அண்ணா, போன வழியைச் சொல்கிறேன். ரகுமானுக்கு ஒன்பது வயதில் தந்தை இறந்துவிட்டார். தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. மற்றவர்களின் இசைக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசை செய்தார், 1989இல் வீட்டுப் பின்புறத்தில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். முதல் படம் 1992இல்தான். நகைக்கடை விளம்பரம் என்று குறைத்துச் சொல்கிறீர்களே, முப்பது நொடிக்குள் ஒரு மெட்டை மனதில் நிற்கவைப்பது சின்ன வேலையா?

அப்பா, 8:10
சரி. இவன் சொல்லும் மியூசிக் ப்ரொட்யூசர் யார்? பணம் போடுகிறவரா?

நான், 8:16
இல்லை அப்பா. பட முதலாளி வேறு. மெட்டை உருவாக்குபவர் இசையமைப்பாளர். அந்த மெட்டு எந்தக் கருவியில், என்ன வேகத்தில் வரவேண்டும், பாடகர் பத்து முறை பாடியதில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, ஒலிகளைச் சரியான அளவில் கலக்கும் மிக்ஸிங், கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் வரை கொண்டுசேர்ப்பவர்தான் மியூசிக் ப்ரொட்யூசர். பல நேரம் இரண்டும் ஒரே ஆள். தாத்தாவின் பதிவில் வெண்கலம் காதைக் குத்தியது. அதன் கூர்மையைத் தணித்து, மரத்தின் அடியைச் சற்று மேலே கொண்டுவந்தேன். அதற்கே நான்கு இரவுகள் ஆயின.

அப்பா, 8:20
போன ஆண்டும் ஒரு படக்குழுவுக்காக இரண்டு மாதம் இரவெல்லாம் விழித்தாய். பத்துப் பைசா வரவில்லை.

நான், 8:22
அப்போது எதையும் எழுதி வாங்கவில்லை. இந்த முறை ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். தாத்தாவின் பம்பையும் இந்தப் படத்துக்குத்தான். ஒப்பந்தத்தை இங்கே போடுகிறேன், பாருங்கள்.

ஓசூர் அக்கா, 8:37
அலுவலகத்தில் தினமும் ஒப்பந்தங்களைப் பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். படத்துக்கு இசையமைத்துக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமத்தொகையில் (ராயல்டியில்) சம பங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே தம்பி.

அத்தை, 8:50
உங்கள் தாத்தாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "பம்பையை என் அப்பனிடம் கற்றேன், உடுக்கையை மாமனிடம். திருவிழா இல்லாத மாதங்களில் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பம்பைக்குத் தோல் கட்டிக் கொடுத்தேன். அந்தக் கூலியில்தான் பெரியவன் படித்தான். தோல் கட்டிய பிறகுதான் என் அடியே சுத்தமானது."

ஓசூர் அக்கா, 8:53
தாத்தா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

அப்பா, 9:34
ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். எட்டாவது வரியில் "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று இருக்கிறது. அடுத்த வரியில் பணம் "படம் வெளியான பிறகு". மாங்காய் மண்டியில் இப்படி ஒரு சீட்டை நீட்டினால் எந்த விவசாயியும் கூடையை இறக்கமாட்டான். பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்று எழுது. அக்கா சொன்ன உரிமத்தொகையையும் தனி வரியாகக் கேள். தாத்தாவின் பெயர் எங்குமே இல்லை. பம்பை வாசித்தவர் என்று படத்தில் போடவேண்டும், அவருக்கான கூலியும் தனியாக வரவேண்டும்.

நான், 9:36
இன்றே எழுதி அனுப்புகிறேன் அப்பா. அப்படியென்றால் வேலையை...

அப்பா, 9:41
வேலையைப் பற்றி மாலையில் நேரில் பேசலாம். மண்டியிலிருந்து நான்கு சாக்கு கொண்டுவருகிறேன். அந்த அறையில் மேற்குச் சுவர் இன்னும் வெறுமையாகத்தானே இருக்கிறது.