குவில்ட்டுல குறுக்குக் கோடு போகப் போக தள்ளிப் போகுது, நீங்கல்லாம் எப்படி மார்க் பண்றீங்க?

கேள்வி: புதுஊசி

எல்லாருக்கும் வணக்கம். என்னோட முதல் பெரிய குவில்ட் (மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணின்னு மூணு லேயரைச் சேத்துத் தைக்கிற போர்வை) இது, 40க்கு 40 இன்ச். சின்னச் சின்ன சதுரமா வெட்டி இணைச்சு மேல்துணி முடிச்சுட்டேன். மூலைக்கு மூலை குறுக்கா 2 இன்ச் இடைவெளி விட்டு கோடு போட்டு அது மேலயே தைக்கலாம்னு ஆசை. 24 இன்ச் நீள அக்ரிலிக் ஸ்கேல் இருக்கு. நடுக்கோடு போட்டேன், ஸ்கேல்ல இருக்கிற 2 இன்ச் கோட்டை அது மேல வச்சு அடுத்த கோடு, அது மேல வச்சு அதுக்கடுத்த கோடுன்னு போய்ட்டே இருந்தேன், பாக்குறதுக்கு நல்லாதான் இருந்துச்சு. 8வது கோடு முடிச்சதும் ஏதோ உறுத்துச்சு, நடுக்கோட்டுல இருந்து டேப் வச்சு அளந்தா 16 இன்ச் வரணும் இல்லையா, ஒரு முனையில பதினாறே கால், இன்னொரு முனையில பதினாறரை கிட்ட வருது! ஸ்கேலை நகர விடாமதான் புடிச்சேன். தப்பு எங்க நடக்குது? தண்ணில போற நீலப் பேனாவாலதான் போட்டிருக்கேன், இன்னும் தைக்க ஆரம்பிக்கல.

பதில்: நூல்கண்டு

முதல்ல ஒண்ணு, உங்க கை மேல தப்பு இல்லமா, அளக்குற முறையிலதான் இருக்கு. ஒவ்வொரு கோட்டையும் அதுக்கு முந்தின கோட்டுல இருந்து அளக்குறீங்க. ஸ்கேலோட ஓரத்துக்கும் பேனா முனைக்கும் நடுவுல எப்பவும் ஒரு மயிரிழை இடம் இருக்கும், பேனாக் கோட்டுக்கும் ஒரு தடிமன் இருக்கு, ரெண்டும் சேந்து ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் தள்ளுச்சுன்னாலே 8வது கோட்டுல 8 மில்லிமீட்டர் ஆயிடும், அதுவே கால் இன்ச்சுக்கு மேல. தனியா பாத்தா எந்தக் கோடும் தப்பா தெரியாது, அதனாலதான் கண்ணு ஏமாந்து போகுது.

நான் பண்றது என்னன்னா நடுக்கோடு ஒண்ணை மட்டும் ரொம்ப நிதானமா போடுவேன், மத்த எல்லாத்தையும் அதுல இருந்துதான் அளப்பேன். டேப்போட 0வை நடுக்கோட்டு மேல நிறுத்தி, நடுக்கோட்டுக்கு நேர் செங்குத்தா விரிச்சு, டேப்பை நகத்தாமலே 2, 4, 6, 8ன்னு மூலை வரைக்கும் ஒரே மூச்சுல சின்னச் சின்னப் புள்ளி. அதே மாதிரி நடுக்கோட்டுல இன்னும் ரெண்டு இடத்துல. அப்புறம் புள்ளியையெல்லாம் சேத்துக் கோடு போட்டா போதும். ஒரு புள்ளி தப்பா போனாலும் அந்தக் கோடு மட்டும்தான் கெடும், அடுத்ததுக்குத் தொத்தாது. மூணு புள்ளியும் ஒரே கோட்டுல உக்காரலைன்னா அங்க துணி இழுபட்டிருக்குன்னு அர்த்தம், அதுவே உங்களுக்கு ஒரு சோதனை மாதிரி.

பதில்: துணிப்பை

மேல சொன்னது சரிதான், ஆனா ஒரு முனை கால் இன்ச்சும் இன்னொரு முனை அரை இன்ச்சும் தள்ளியிருக்குன்னு சொல்றாங்களே, அது ஸ்கேல் கணக்கு மட்டும் இல்ல, துணி இழுபடுது. மூலைக்கு மூலைன்னா அது கிராஸ். ஊடும் பாவும் போற பக்கம் துணி அவ்வளவா நீளாது, குறுக்கா 45 டிகிரில லேசா இழுத்தாலே ரப்பர் மாதிரி வரும். ஒரு சின்னத் துண்டை எடுத்து குறுக்கா ரெண்டு விரலால இழுத்துப் பாருங்க, உடனே தெரிஞ்சுடும். பேனாவை செங்குத்தா புடிச்சு அழுத்தி சர்ருன்னு இழுத்தா முனைக்கு முன்னாடி துணி ஒரு சின்ன அலையா எழும்பும் பாருங்க, அந்த அலைதான் கோட்டைக் கெடுக்குறது.

அதுக்கு ரெண்டு வேலை செய்யுங்க. மார்க் பண்றதுக்கு முன்னாடி கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுங்க (உங்க துணியில இப்ப பேனாக் கோடு இருக்கு, அதை எடுத்த பிறகுதான் அயர்ன், மறந்துடாதீங்க). துணிக்கு அடியில நைசான உப்புத்தாளை சொரசொரப்புப் பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சுக்கோங்க, துணி அசையவே அசையாது. பேனாவை நல்லா சாய்ச்சு, ஸ்கேலோட நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் வெளிய போற மாதிரி போடுங்க, ஒரே இழுப்பா வேண்டாம்.

ஹெரான்னு ஒரு ஜப்பான் கருவி இருக்கு, அதை அழுத்தி ஓட்டினா மை இல்லாம துணியில ஒரு மடிப்புக் கோடு மட்டும் விழும், அழிக்குற வேலையே கிடையாது. மூணு லேயரையும் சேத்து ஊக்கு குத்தின பிறகு அதுல கோடு போட்டா இன்னும் நல்லா பதியும். அடர் நிறத் துணிக்கு எனக்கு அதுதான் புடிக்கும், சின்னப் பூவா நெறைய டிசைன் இருக்குற துணியில மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

பதில்: மழைத்துளி

அயர்ன் விஷயத்தை நானும் அழுத்திச் சொல்லிக்கிறேன். நீலப் பேனாக் கோடு மேல சூடு பட்டா மை துணியிலயே தங்கிடும். ஒரு குழந்தைக்காகத் தைச்ச குவில்ட்ல சுருக்கம் எடுக்கலாம்னு கோடு இருக்கும்போதே அயர்ன் வச்சுட்டேன், வெள்ளைத் துணியில பழுப்பா வரி வரியா நின்னுடுச்சு, எத்தனை தடவை அலசியும் முழுசா போகல. சோப்புத் தண்ணியில நேரா போடுறதும் வேண்டாம், முதல்ல வெறும் பச்சைத் தண்ணி.

சூடு பட்டா மறையுற ஜெல் பேனா வாங்கலாமான்னு யோசிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அந்தக் கோடு மறையுதே தவிர மை துணியிலயேதான் இருக்கு, ஃப்ரீசர் அளவு குளிர் பட்டா திரும்பத் தெரியும். அடர் நிறத்துல சில சமயம் வெள்ளையா ஒரு தடமும் நிக்கும். எந்தப் பேனாவா இருந்தாலும் அதே துணியோட வெட்டு மிச்சத்துல கோடு போட்டு ஒரு நாள் விட்டு அழிச்சுப் பாத்துட்டு அப்புறம் பெரிய துணியில கை வைங்க.

பதில்: தையல்பெட்டி

இவ்வளவு கோடு எதுக்கு போடணும்? மிஷின் ஃபுட்டுக்குப் பின்னால மாட்டுற கைடு கம்பி இருக்குல்ல, அதை 2 இன்ச்ல வச்சு முந்தின தையல் மேல ஓட விட்டா போதும். வாக்கிங் ஃபுட்டோட (எல்லா லேயரையும் ஒண்ணா நகத்துற ஃபுட்) அது சேந்தே வரும் பெரும்பாலும். இல்லன்னா மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதோட ஓரமா தைங்க, டேப்பை மட்டும் ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க, பசை ஒட்டிக்கும்.

பதில்: நூல்கண்டு

தையல்பெட்டி, கம்பி நல்ல ஐடியாதான், ஆனா அதுவும் முந்தின தையலைப் பாத்துத்தானே போகுது, ஒரு தையல் வளைஞ்சா அடுத்தது எல்லாம் அதே வளைவோட வரும், இவங்க இப்ப மாட்டியிருக்குற அதே பிரச்சனை. நான் ரெண்டையும் கலந்துப்பேன். ஒவ்வொரு 4வது கோட்டை, அதாவது 8 இன்ச்சுக்கு ஒண்ணா, நடுக்கோட்டுல இருந்து அளந்து மார்க் பண்ணி அதையெல்லாம் முதல்ல தைச்சுடுவேன், நடுவுல வர்ற மூணையும் கம்பி வச்சு. தப்பு வந்தாலும் 8 இன்ச்சோட நின்னுடும், நம்ம தலையில ஏறாது.

புதுஊசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாள் ஆச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பழைய கோட்டுக்கெல்லாம் பச்சைத் தண்ணி தெளிச்சேன், கண்ணு முன்னாடியே மறைஞ்சுது, காஞ்ச பிறகு ரெண்டு மூணு இடத்துல மங்கலா திரும்ப வந்துச்சு, மறுபடி நல்லா நனைச்சதும் போயிடுச்சு. அப்புறம் கஞ்சி போட்டு அயர்ன், அடியில உப்புத்தாள். டேப் வச்சு மூணு இடத்துல புள்ளி வச்சு 8 இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டேன், 16வது இன்ச் கோட்டை ரெண்டு முனையிலயும் அளந்தேன், ஒரு பக்கம் சரியா 16, இன்னொரு பக்கம் நூலளவு கூட. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஒரே ஒரு சந்தேகம், மூணு லேயரும் சேத்துத் தைச்ச பிறகு இந்தக் கோட்டை எடுக்க தெளிச்சா போதுமா?

பதில்: மழைத்துளி

அப்ப தெளிச்சா பத்தாது. மை மேல்துணியில இருந்து இறங்கி நடுவுல இருக்குற பஞ்சுல உக்காந்துக்கும், காயும்போது மேல ஏறி வரும். தைச்சு முடிச்சதும் முழு குவில்ட்டையும் ஒரு டப்பு பச்சைத் தண்ணியில முங்க வச்சு, தண்ணி மாத்தி இன்னொரு தடவை அலசுங்க. அதுக்கப்புறம் சோப்பு போட்டுத் துவைக்கலாம்.