வீட்டாருக்குத் தைத்த கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங்: இன்னும் மனசை உறுத்துகிற ஒரு சம்பவம்

இரண்டாம் மருமகள்:

இந்தத் தையல் குழுவில் எல்லாரும் வெட்டு, அளவு, லைனிங் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பரிசு போட்டுத் தொங்கவிடுகிற பெரிய காலுறைதான் ஸ்டாக்கிங். என் மாமியார் வீட்டில் ஆளுக்கொன்று, எல்லாம் அவர் கையால் தைத்தது. சிவப்பு வெல்வெட், மேலே வெள்ளைப் பட்டி, பட்டிக்குக் கீழே தங்க நூலில் பெயர். கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். வரிசையில் என் பெயரும் தொங்கியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தேன்.

என் பெயரைச் சுற்றி ஊசித் துளைகள். பொடிப்பொடியாக, வரிசையாக. வெல்வெட்டின் ரோமம் அந்த இடத்தில் மட்டும் படுத்துக் கிடந்தது. என் பெயர் சின்னது. துளைகளோ என் பெயரைத் தாண்டி ஓரத் தையல்வரை போயின. விரலால் தடவிப் பார்த்தேன். முதல் எழுத்தின் கொம்பு தெளிவாகத் தெரிந்தது. என் பெயரில் கொம்பே கிடையாது.

என் கணவருக்கு அது இரண்டாம் கல்யாணம். எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறைத்து ஒன்றும் செய்யவில்லை. தலையைத் தூக்கினால் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லா இருக்கா?" என்றார். "நல்லா இருக்கு அத்தை" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இப்போதும் டிசம்பர் வந்தால் அதே ஸ்டாக்கிங்தான்.

கால்மிதி மெஷின்:

வெல்வெட்டில் பெயரைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். என் நாத்தனார் மகளுக்குத் தைத்ததிலும் இதே கதை. சரி, தீர்வுக்கு வருகிறேன். நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், ரோமம் நிரந்தரமாக நசுங்கிவிடும். தடித்த துவாலை மேல் நல்ல பக்கம் கீழாகப் போட்டு, பின்பக்கத்திலிருந்து துணியைத் தொடாமல் நீராவி மட்டும் காட்டுங்கள். லைனிங் இருந்தால் அடியில் கொஞ்சம் பிரித்துக் கையை உள்ளே விட வேண்டும். ஈரம் இருக்கும்போதே மென்மையான பல் பிரஷால் ரோமம் போகும் திசைக்கு எதிராக ஒரு தடவை, அப்புறம் திசையோடு ஒரு தடவை தேய்க்கலாம். படுத்த ரோமம் ஓரளவு எழும். ஊசி போன இடத்தில் இழை அறுந்திருந்தால் மட்டும் துளை அப்படியேதான் நிற்கும். அதற்கு மேலே ஒரு இலையோ நட்சத்திரமோ ஃபெல்ட்டில் வெட்டி வைத்துத் தைத்துவிடலாம். ஃபெல்ட் நெய்த துணி இல்லை, ஓரம் மடிக்க வேண்டாம், பிசிறும் வராது.

இனி வெல்வெட்டில் புதிதாகத் தைக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள். ரோமம் மேல்நோக்கிப் போனால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், கீழ்நோக்கிப் போனால் வெளிறும். முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் ஒரு திசை என்று வெட்டினால் இரண்டு சிவப்பு போலிருக்கும். தைக்கும்போது மேல் துணி நழுவிக்கொண்டே போகும், அதனால் கையால் ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும். குண்டூசியைத் தையலுக்கு வெளியே ஓரத்தில் மட்டும் குத்துங்கள். பெயரைத் துணியில் நேரடியாகத் தைக்காமல் தனிப் பட்டையில் தைத்து அதைப் பொருத்தினால் பின்னால் பிரச்சினையே வராது. எந்தக் குடும்பத்தில் எப்போது என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஊசிக்காது:

என் அக்கா பனி கொட்டுகிற ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் அத்தானுக்கும் வெள்ளை லினனில் தைத்து அனுப்பினேன். டிசைன் வரைய, சூடு பட்டால் மறைகிற அந்தப் பேனாவைத்தான் பயன்படுத்தினேன், இங்கே பாதிப் பேர் வைத்திருப்பீர்கள். இஸ்திரி போட்டதும் கோடு எல்லாம் காணாமல் போயிற்று. துணி பளிச்சென்று இருந்தது.

அந்த மை அழிவதில்லை, நிறம் மட்டும்தான் போகிறது. உறையும் நிலைக்குப் பத்துப் பாகைக்கும் கீழே போனால் நிறம் திரும்ப ஆரம்பிக்கும். பார்சல் ராத்திரி முழுக்க அவள் வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. காலையில் வீடியோ அழைப்பு. பூவேலைக்குக் கீழே நான் வரைந்த கோடுகள் எல்லாம் வந்திருந்தன, அதுகூடப் பரவாயில்லை. தைக்கும்போது எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொள்கிற பழக்கம் உண்டு. அவளுடைய ஸ்டாக்கிங்கின் பின்பக்கம் "லேஸ் இவளுக்கு இது போதும்" என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தேன். முதல் வார்த்தைக்கு மேல் லேஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. மிச்சம் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா அதைக் கேமரா முன்னால் பிடித்தபடி, "போதும்னு எழுதியிருக்கியே, எது போதும்?" என்றாள்.

சொன்னேன். சிரித்தாள். ஆனால் அத்தானுடையதைத் திருப்பிப் பார்த்ததையும் நான் கவனித்தேன். அதில் ஒன்றும் இல்லை.

மாமியார் கட்சி:

முதல் பதிவு எழுதிய பெண்ணுக்கு. கோபப்படாதேம்மா, இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி பேச வேண்டும்.

வரிசையாக எட்டுப் பத்து ஸ்டாக்கிங் ஒரே துணியில் தைத்த வீட்டில் புதிதாக ஒன்று சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெல்வெட் சிவப்பு சாயத்துக்குச் சாயம் மாறும். சில வருஷம் கழித்து அதே கடை, அதே கம்பெனி என்று தேடி வாங்கினாலும், பக்கத்தில் தொங்கவிட்டால் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். பழையது தொங்கித் தொங்கி வெளிறியும் இருக்கும். வந்த முதல் வருஷமே உன்னுடையது மட்டும் தனிச் சிவப்பாகத் தொங்கியிருந்தால் இன்றைக்கு அதைப் பற்றி இங்கே எழுதியிருப்பாய். உன் மாமியாரிடம் மிச்சத் துணி இருந்திருக்காது. இருந்த ஒன்றே ஒன்று அதுதான்.

என் வீட்டில் மகன் பிரிந்த பிறகு அந்த மருமகளின் ஸ்டாக்கிங்கை நான் பிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன். பேத்திதான் அதைத் தோண்டி எடுத்து மாட்டியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. பேத்தியை அழைத்துப் போக அவள் அம்மா வந்தாள். வாசலில் நின்றபடியே வரிசையைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன்னுடையதைக் கொக்கியிலிருந்து எடுத்து, பட்டியை உள்ளே மடித்து, பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போதைய மருமகளுக்கு இன்னும் நான் தைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் மருமகள்:

அம்மா, துணி இல்லை என்பதை அவர் என்னிடம் வாயால் சொல்லியிருக்கலாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கால்மிதி மெஷின், நன்றி. ஆனால் தடத்தை மறைக்க வழி கேட்கவே இல்லை. அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும்.

மூத்தவன்:

ஆண்கள் எழுதலாமா இங்கே? அப்பா இறந்த வருஷம் அவருடைய கட்டம் போட்ட ஃபிளானல் சட்டைகளில் எங்கள் வீட்டுக்குத் தைத்தேன். சட்டையில் தைப்பவர்களுக்குத் தெரியும், முழுசாகத் துணி கிடைப்பது முதுகில்தான். தம்பி தங்கைகளுக்கு எல்லாம் முதுகுத் துணி. பழைய ஃபிளானல் துவைத்துத் துவைத்து நைந்திருக்கும், பின்னால் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டுகிற உள்துணி) ஒட்டாமல் வெட்டினால் இழுத்த பக்கம் எல்லாம் போகும்.

அம்மாவுக்கு மட்டும் முன்பக்கத்தை எடுத்தேன். பட்டன் பட்டி சரியாக நடுவில் இறங்குகிற மாதிரி பேப்பர் அச்சை வைத்து வெட்டினேன். பாக்கெட்டும் அப்படியே. பட்டன்களைப் போட்டு, பட்டியின் ஓரத்தை மூடித் தைத்தேன், இல்லாவிட்டால் உள்ளே போடுவது பிதுங்கி வெளியே வரும். மேல் பட்டன் பக்கம் மட்டும் தைக்காமல் விட்டிருந்தேன், பட்டி மடிப்பு தடிமனாக இருந்ததால் ஊசி இறங்கவில்லை.

அம்மா வாங்கிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்து நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். அவர் அழவில்லை. மேல் பட்டனை மட்டும் கழற்றிவிட்டு, "உங்கப்பா இதைப் போட்டதே இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கையில் கொடுத்தார்.

அரை அங்குலம்:

மூத்தவன், அந்தப் பட்டன் பட்டிக்கு ஃபியூசிங் தேவையே இல்லை, முதுகுக்கு மட்டும் போதும். அது இருக்கட்டும். கால்மிதி மெஷினுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பெண் கதை சொன்னாள், நீங்கள் பல் பிரஷ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். தனிப் பட்டையில் பெயர் தைத்தால் பிரச்சினை வராதாம். எப்போது வேண்டுமானாலும் பிய்த்து எடுக்கலாம் என்று காட்டுகிற பட்டையை எந்த மருமகள் சந்தோஷமாகப் பார்ப்பாள்?

என் கதை. தங்கை பிள்ளைகள் இரண்டு பேர், ஒரே அச்சு, ஒரே அளவு. பெரியவனுக்குப் பருத்தித் துணி, சின்னவனுக்குப் பழைய கம்பளி ஸ்வெட்டர். காலியாகத் தொங்கும்போது இரண்டும் சமம். காலையில் பொருள் போட்டதும் ஸ்வெட்டர் இறங்கிவிட்டது, ஒரு சாண் இருக்கும். பின்னல் துணி கனத்துக்கு இளகும். நெய்த துணியில் லைனிங் கொடுத்து, லைனிங்கை வெளித் துணியைவிட ஒரு விரல் குட்டையாக வெட்டினால் கனம் முழுக்க லைனிங்கில் நிற்கும், வெளியே நீளாது. இரண்டுக்கும் லைனிங் போட நேரமில்லாத வருஷம் அது.

பெரியவன் அழுவான், சண்டை போடுவான் என்றால் சமாளித்திருப்பேன். அவன் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வந்தான். முதலில் தன்னுடையதை அளந்தான், அப்புறம் தம்பியுடையதை. பரிசோடு கட்டியிருந்த அட்டையின் பின்னால் இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தான். விடையை அடிக்கோடிட்டு என் கையில் கொடுத்தான். "பெரியம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றான்.

பழைய காலுறை:

இத்தனை வெல்வெட், இத்தனை லேஸ், இத்தனை மனஸ்தாபம். 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைராவில் ஆயராக (பிஷப்பாக) இருந்த நிக்கோலாஸ் கதையில்தான் இதெல்லாம் தொடங்கியது என்பார்கள். மூன்று பெண்களின் கல்யாணத்துக்காக ராத்திரியில் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை வீசினார். உலரப் போட்ட காலுறைக்குள் அது விழுந்தது என்பது பிறகு வந்த சேர்க்கை. 1823-இல் அமெரிக்காவில் டிராய் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த கவிதையிலும் புகைபோக்கிப் பக்கம் காலுறை தொங்குகிறது. அதில் யாரும் தங்க நூலில் பெயர் தைத்ததாக இல்லை. எல்லாம் காலில் போட்ட காலுறைதான்.

இதை வீட்டிலும் சொல்லிவிட்டு, மனைவி தைத்த வரிசையின் கடைசியில் நான் நடக்கப் போகும்போது போடுகிற காலுறையை மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கட்டைவிரல் பக்கத்து ஓட்டையைத் தைத்து வைத்திருக்கிறாள். சாம்பல் நிறக் காலுறை, சிவப்பு நூல். உள்ளே ஒன்றும் போடவில்லை. இது பரிசா, பதிலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஊசிக்காது:

பழைய காலுறை, அந்த மூன்று பெண்களுக்கும் எது யாருடையது என்று தெரிந்திருக்கும். தெரியாத வீட்டில்தான் பெயர் வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது பதில்தான், சந்தேகமே வேண்டாம்.

குட்டிப் பாபின்:

பெரிய சோகம் எதுவும் இல்லை, ஆனாலும் விடமாட்டேன் என்கிறது. என் தம்பி ஜோசப். தமிழில்தான் எம்ப்ராய்டரி செய்வேன் என்று பிடிவாதம் எனக்கு. சங்கிலித் தையலில் எழுத்து, புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு. துணி சாக்கு மாதிரி நெகிழ்வான நெசவு. எழுத்து அழகாக வந்தது. மாட்டி வைத்த அன்று சாயங்காலம் பார்த்தால் கடைசிப் புள்ளி நெசவின் சந்து வழியாகப் பின்பக்கம் போய்விட்டது.

தாத்தா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, எழுதியதை எழுதியபடி வாசித்தார். "ஜோ... ச... ப. யாரது ஜோசப?" அன்றிலிருந்து அவன் ஜோசப. அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். போன கிறிஸ்துமஸில் அந்த முடிச்சைச் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். தாத்தா இப்போது இல்லை. அவன் சத்தமில்லாமல் சின்னக் கத்தரியை எடுத்து அதை வெட்டிவிட்டான்.

கால்மிதி மெஷின்:

நெகிழ்ந்த நெசவில் முடிச்சு நிற்காது. பின்பக்கம் விரல் நக அளவு ஃபியூசிங் ஒட்டிவிட்டு, ஊசி வெளியே வந்த துளையிலேயே திரும்ப இறக்காமல் ஒரு இழை தள்ளி இறக்குங்கள். நூலை இரட்டையாக எடுத்துக்கொண்டால் புள்ளியும் பெரிதாகத் தெரியும். அரை அங்குலத்துக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன், மெஷினில் துணி மாட்டியிருக்கிறது.