லாரியில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது, யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, நேற்று லோடுடன் போகும்போது ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டது. காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன், இன்ஜின் அலறியது. ஏர் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் காற்று இறங்கிவிடும் என்பதால் ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டினேன். நின்ற பிறகுதான் இன்ஜினை அணைத்தேன், ஓடும்போது அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடுமே. இன்னும் கை நடுங்குகிறது.

கேபிள் வைத்த பெடல். கால்மிதி எதுவும் மாட்டவில்லை, பெடலை மேலே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஆறியதும் பெடல் தானாக மேலே வந்துவிட்டது, அதுதான் குழப்பம். உறைக்குள் கேபிள் இழை பிரிந்து சிக்குமா? இல்லை, இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பில் கேபிள் இழுக்கும் லீவர் இறுகியிருக்குமா? முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பது? இதைச் சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்க மாட்டேன்.