கீழக்காட்டுப் புல் (மேலவீடு குடும்பக் குழு)

செல்வி மதினி: வைக்கோல் விலை மறுபடி ஏறிவிட்டது. கீழக்காடு சும்மாதானே கிடக்கிறது, நாளைக்கு கோ 4 நேப்பியர் புல் கரணை வருகிறது. ஊன்றப் போகிறேன். பிறகு யாரும் கேட்கக் கூடாது.

குமார்: மதினி, பொறுங்கள். நேப்பியருக்கு அந்த மண் ஒத்துவராது. கரணைக் காசு போய்விடும்.

பெரியப்பா: ஜிப்சம் போட்டால் சரியாகும்.

குமார்: பெரியப்பா, ஜிப்சம் களருக்கு. மண்ணில் சோடியம் ஒட்டி, பி.எச். 8.5க்கு மேல் போனால், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அதை விலக்கும். கீழக்காட்டில் வெள்ளையாகப் பூக்கிறது, உவராக இருக்கலாம். மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர், அதாவது உப்பு மண். அதற்கு நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வடிய விடுவதுதான் வழி. பரிசோதிக்காமல் மூட்டை இறக்க வேண்டாம்.

சித்தப்பா: நல்ல தண்ணீரா? எங்கே? போரில் உப்புதானே வருகிறது.

பெரியப்பா: போரை அவ்வளவு ஆழம் இறக்காதே என்று அன்றைக்கே சொன்னேன்.

சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு. கோயில் கொடை வரியில் கழித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

சென்னை சித்தி: கொடை என்றைக்கு? நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் போட வேண்டும்.

பெரியம்மை: செவ்வாய்தான். ஆனால் பூசாரி இன்னும் சரி சொல்லவில்லை.

குமார்: உப்பைத் தாங்கும் புல் இருக்கிறது. நம்ம அருகம்புல்லே கடத்துதிறன் கிட்டத்தட்ட 7 வரைக்கும் விளைச்சல் குறையாமல் நிற்கும். ரோட்ஸ் புல் வைக்கலாம். தண்ணீர் தேங்கும் வடக்கு மூலைக்கு பாரா புல். இன்னும் மோசமான மண்ணுக்கு கர்னால் புல். 1969இல் தொடங்கிய மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் அந்த கர்னாலில்தான்...

சென்னை சித்தி: ஏ குமாரு, பசு வரலாறு படிக்குமா?

சித்தப்பா: சீமைக்கருவேலம் தானாகவே வளருகிறதே, அதையே விட்டுவிடுவோம்.

செல்வி மதினி: வெட்டுகிறவருக்குத்தான் முள் குத்தும் மாமா. குமார், எப்போது விதைக்க?

குமார்: ஐப்பசி மழையில். அப்போதுதான் மேலே உள்ள உப்பு கீழே இறங்கும். முளைக்கும்போதுதான் புல்லுக்கு உப்பு ஆகாது, வேர் பிடித்துவிட்டால் தாங்கும். பார் மேட்டின் உச்சியில் போடாதீர்கள், ஈரம் காயும்போது உப்பு அங்கேதான் வந்து சேரும். பாரின் பக்கச் சரிவில் போடுங்கள். மாட்டுக்கு இந்தப் புல்லை மட்டும் போட வேண்டாம், வைக்கோலோடு கலந்து போடுங்கள். தாகம் கூடும், தொட்டியில் போர்த் தண்ணீர் வேண்டாம்.

செல்வி மதினி: வைக்கோல் விலையில்தானே பேச்சே தொடங்கியது!

குமார்: பாதி மிச்சம்.

பெரியப்பா: அது பொது நிலம். உட்கார்ந்து பேசாமல் ஒரு புல்லும் கிடையாது.

செல்வி மதினி: சரி மாமா. அதுவரை கரணையை வீட்டுப் பின்னால் கழனித் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மை: என் பிச்சிப்பூச் செடியைத் தொடாதே.

குமார்: மண் மட்டும் எடுத்துவிடுங்கள். பூத்த தோலை அள்ளாமல், அரையடி ஆழத்துக்கு நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக்கிலோ போதும். வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் கொடுக்கலாம்.

சித்தப்பா: யார் கொண்டுபோவது?

பெரியப்பா: மாப்பிள்ளை திங்கள்கிழமை வல்லநாடு வழியாகத்தானே தூத்துக்குடி போகிறார்.

மாப்பிள்ளை: நான் பஸ்ஸில் போகிறேன் மாமா.