லோடுமேனுக்கும் டெலிவரி ஓட்டுநருக்கும் இடையே ஓயாத வழக்கு: வண்டியில் சரக்கு அடுக்கும் வரிசையை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: பூந்தமல்லி ஷிப்ட்

பூந்தமல்லிக்கு அருகே ஒரு பார்சல் விநியோக மையத்தில் காலை ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறேன். அதிகாலை 4 மணிக்குப் பெரிய கிடங்கிலிருந்து முதல் லாரி வரும். லோடுமேன்கள் 11 பேர் அதை இறக்கி, ஸ்கேன் செய்து, ரூட் வாரியாகப் பிரித்து, 8 மணிக்குள் சிறு வண்டிகளில் ஏற்றிவிட வேண்டும்.

சென்ற வாரம் ஓர் ஓட்டுநர், முந்தைய நாள் டெலிவரி செய்ய முடியாமல் போன 14 பார்சல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, முதல் தெருவுக்கு உரியதை உள்ளே தள்ளிக் கடைசித் தெருவுக்கு உரியதைக் கதவோரம் அடுக்கியிருந்தார்கள் என்று எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டார். லோடுமேன்களில் மூத்தவரோ, உட்கார்ந்தபடி ஊர் சுற்றுகிறவருக்கு இடுப்பு வலியைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார். அன்று முதல் இரு தரப்பும் ஒரே டீக்கடையில் நிற்பதில்லை. எவருடைய வேலை கடினம் என்று தீர்ப்புச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டையும் அறிந்தவர்கள், இந்தச் சண்டை எங்கே தொடங்குகிறது என்று சொன்னால் போதும்.

பதில் 1: மடிப்பாக்கம் ரூட்

ஆறு ஆண்டுகளாகச் சிறு வண்டியில் பார்சல் கொண்டுசெல்கிறேன். ஓட்டுவது எங்கள் வேலையில் சிறு பங்கு என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிச் சென்று கதவைத் தட்டினால், ஓ.டி.பி. வந்த கைப்பேசி அலுவலகத்தில் இருக்கும் கணவரிடம் இருக்கும். அவர் அழைப்பை எடுக்க மாட்டார். கீழே நிறுத்திய வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பார்சலில் 100 ரூபாய் குறைந்தால் அது எங்கள் கணக்கில்தான் பிடிக்கப்படும். பார்சலைக் கொடுத்தால்தான் கூலி. திருப்பிக் கொண்டுவந்தால் ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட நிலையில், முதல் வீட்டு வாசலிலேயே 30 பெட்டிகளை வெயிலில் இறக்கி வைத்து, உள்ளே சிக்கியிருக்கும் ஒரு சிறு உறையைத் தேடி எடுத்து, மறுபடியும் 30 பெட்டிகளை அடுக்குகிறவனுக்கு ஏற்றியவர்மீது கோபம் வராதா? லோடுமேன்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையையே நான் வீதியில் இரண்டாம் முறை செய்கிறேன். அதற்கு எனக்குக் கூலி இல்லை.

பதில் 2: கோயம்பேடு மூத்தவன்

தம்பி சொல்வதில் பொய்யில்லை. நான் முதலில் கோயம்பேட்டில் மூட்டை இறக்கியவன். ஒன்பது ஆண்டுகளாகப் பார்சல் கிடங்கில் இருக்கிறேன். காய்கறி மூட்டை கனமானாலும் எவ்வளவு கனம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பார்சல் அப்படி அல்ல. காற்றுப் போல இருக்கும் பெரிய பெட்டிக்குப் பக்கத்திலேயே, செருப்புப் பெட்டி அளவில் உடற்பயிற்சி எடைக்கட்டைகள் இருக்கும். அலட்சியமாக ஒரு கையால் இழுத்தால் தோள்பட்டை போய்விடும். மே மாதத்தில் மூடிய லாரிக்குள் நின்று இறக்குகிறவனுக்கு விடியற்காலையிலேயே சட்டை பிழியும்படி நனைந்துவிடும்.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் இறங்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பது எங்களில் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் லாரி அந்த வரிசையில் வருவதில்லையே! முதல் லாரியில் முதல் தெருவின் பெட்டிகள் வந்துவிடும். கடைசித் தெருவின் பெட்டிகள் 6.30 மணி லாரியில் வரும். அதுவரை முதல் சரக்கைத் தரையில் வைத்திருக்க இடம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி ஏற்றினோம் என்று ஸ்கேனர் வேறு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கையில் இருப்பதை ஏற்றுகிறோம். அந்த 14 பார்சல்களும் இப்படித்தான் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது லாரி எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவேட்டைப் பாருங்கள்.

பதில் 3: தொழிற்சட்ட வாசகர்

மூத்தவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். இந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாலும் காகிதத்தில் வெவ்வேறு வகையினர். சுமை ஏற்றி இறக்குவோருக்குத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. செயலி வழியாக வேலை பெறும் விநியோகத் தொழிலாளர்களுக்கு 2023இல் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. ஒருவர் ஒப்பந்ததாரரின் ஆள், மற்றவர் பெயருக்குப் ‘பங்காளர்’. சேர்ந்து பேச வேண்டிய மேசையே இவர்களுக்கு இல்லாதபோது, ஒருவரை ஒருவர் குறை சொல்வதுதான் மிச்சம்.

அமெரிக்காவின் யூ.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தில் நிலைமை வேறு. அங்கே ஓட்டுநர்களும் பகுதிநேரமாகச் சரக்கு ஏற்றுவோரும் டீம்ஸ்டர்ஸ் என்ற ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். ஏற்றும் வேலையில் சேர்ந்து, பணிமூப்பில் ஓட்டுநரானவர்கள் ஏராளம். 1997 ஆகஸ்டில் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முதன்மையான கோரிக்கை, பகுதிநேர வேலைகளை முழுநேரமாக்க வேண்டும் என்பதே. அதன் பலன் பெரும்பாலும் கிடங்கில் இருப்பவர்களுக்கு என்று தெரிந்தும் முழுநேர ஓட்டுநர்கள் வெளியே வந்தார்கள்; 10,000 முழுநேர வேலைகளுக்கு நிர்வாகம் இணங்கியது. அதனால் அங்கே மனக்கசப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2023 ஒப்பந்தத்தில் பகுதிநேரத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 21 டாலர், ஓட்டுநரின் உச்சக் கூலி சராசரியாக 49 டாலர் என்று வந்தபோது, கிடங்கில் பலருக்கு அந்த இடைவெளி உறுத்தியது.

கேள்வி கேட்டவர்

பதிவேட்டைப் பார்த்தேன். அன்று இரண்டாவது லாரி 7.10க்குத்தான் வந்திருக்கிறது. மூத்தவருக்கு நன்றி. நாளை முதல் ஒவ்வொரு வண்டியிலும் இடப்பக்கத்தைக் காலியாக விட்டு, இரண்டாவது லாரிச் சரக்கை அங்கே அடுக்கச் சொல்லப்போகிறேன். பெட்டியில் தெரு எண்ணைக் கொட்டை எழுத்தில் மார்க்கரால் எழுதவும் ஏற்பாடு செய்கிறேன். ஓட்டுநர்கள் 15 நிமிடம் முன்னதாக வந்து கூட நின்றால் எளிதாக இருக்கும்.

மடிப்பாக்கம் ரூட்

இடப்பக்கத்தைக் காலியாக விடுவது நல்ல யோசனை. ஆனால் பெரிய பெட்டிகள் வரும் நாளில் அது நடக்காது. முன்னதாக வருவதில் எனக்கு மறுப்பில்லை ஐயா. அந்த 15 நிமிடத்துக்குக் கூலி யார் கணக்கில் என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.