முள்ளைத் தூக்கினாலும் நிற்காத முனகல்

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் திரும்பும்போது கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் அவர் காலத்துக்குப் பின் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் அடியில் தம்புரா மீட்டியதுபோல் ஓயாத ஒரு ‘ம்ம்ம்’. கூடவே, தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் ஒரு கடகடப்பு. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். பழுது பார்க்கும் கடையில் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகையில் பழைய சைக்கிளே வாங்கலாம்.

ஒருநாள் பால்காரர் கதவைத் தட்ட, முள்ளை மட்டும் தூக்கி வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தால் தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது, கடகடப்பு இல்லை. ‘ம்ம்ம்’ மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் புரிந்தது. முள் தொடாமலே வருவது மின்சாரத்தின் வேலை. தொட்டால் மட்டும் வருவது மோட்டாரின் நடுக்கம், தட்டு வழியாக முள்ளுக்கு ஏறுவது.

முனகலை முதலில் பிடித்தேன். முள்ளிலிருந்து கிளம்புவது சில மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்குக்குப் பெருக்கும்போது, தாழ்ந்த ஒலிகளை இன்னும் கூடுதலாகத் தூக்கிவிடுவார்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் (50 ஹெர்ட்ஸ்) வரும் முனகலுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால், ஆம்ப்ளிஃபையரில் முடுக்கிய எர்த் கம்பியின் நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. கடலோர வீடு, சன்னல் கொக்கியே வருடத்துக்கு ஒருமுறை உதிர்கிறது. உப்புக்காற்று தின்றதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். முக்கால்வாசி அடங்கியது. மீதிக்குக் காரணம், பிளேயருக்கு நேர் கீழே வைத்திருந்த ஸ்டெபிலைசர். அதை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதும் வீடே அமைதியானது.

கடகடப்புக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. மோட்டாரைத் தாங்கும் மூன்று ரப்பர் வளையங்களும் புளியங்கொட்டைபோல் இறுகியிருந்தன. மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்த மூன்றைப் பொறுக்கினேன். தட்டின் அச்சிலிருந்த பழைய பிசினைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். ஹெட்போன் மாட்டினால் இன்னும் லேசாகக் கேட்கிறது. நான் மாட்டுவதில்லை.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

உங்களுக்கு வந்தது பிரான்ஸ் பெட்டி, தப்பித்தீர்கள் ஐயா. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான். எனக்கு என் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தான். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். சுசீலா அம்மா குரல் தூக்க மாத்திரை போட்டதுபோல் இழுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33 சுற்று வரவேண்டிய இடத்தில் 28கூட வரவில்லை. லேத் பட்டறையில் மோட்டார் கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து வாங்கினேன். முதல் கப்பி மையம் தப்பி, பாட்டு தள்ளாடியது. இரண்டாவது நேராக அமைந்தது.

முள்ளைத் தூக்கும் சோதனையை இன்று மாலையே செய்து பார்க்கிறேன். எனக்கும் ஒரு ‘ம்ம்ம்’ இருக்கிறது.