மறு: ‘டிகே’, ‘டிரை ராட்’: மரத்துக்கு எந்தச் சொல்?

வணக்கம்.

‘டிகே’ (decay) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ‘சிதைவு’ என்றே வைக்கலாம் என்ற முன்மொழிவு இயற்பியலுக்குப் பொருந்தும். மரவியலில் சிக்கலாகும்.

இலத்தீனில் ‘டே’ கீழே, ‘கடெரே’ விழுதல். இரண்டும் சேர்ந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலையுதிர் மரத்தைக் குறிக்கும் ‘டெசிடுவஸ்’ அதே வேர்தான். ஆக, சொல்லின் முதற்கருத்து அழுகல் அன்று, இருந்த நிலையிலிருந்து இறங்குவது. கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டில் பாதியாவதற்கும், அரங்கில் ஒலி தணிவதற்கும், பல் சொத்தையாவதற்கும் ஒரே சொல் போதுமாயிருப்பது அதனால்தான். ‘ராட்’ (rot) வேறு. பழைய ஆங்கிலத்திலேயே அது அழுகுதல்.

நாம் பொருளைப் பார்த்துச் சொல் மாற்றுகிறோம். சோறு ஊசும், பழம் அழுகும், கயிறு இற்றுப்போகும். மரத்தில் உளுத்தல் என்பது வண்டின் வேலை: துளை தெரியும், மாவு உதிரும். பூஞ்சையால் கெடுவதையும் அதே சொல்லால் குறித்தால் தச்சர் பூச்சிமருந்து அடிப்பார், ஒழுகும் கூரை அப்படியே இருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஆனால் சில வண்டுகளுக்குக் காய்ந்த மரமே போதும். சோதிக்க, கூர்முனையைக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாகக் கிளம்பும், பூஞ்சை பிடித்தது குறுக்கே பொட்டென முறியும்.

பூஞ்சையால் மரம் கெடுவதற்கு ‘உக்கல்’ என்று முன்மொழிகிறேன். இலங்கையில் ‘உக்கும் குப்பை’ அன்றாட வழக்கு. தமிழ்நாட்டின் ‘மக்குதல்’ எருவோடு ஒட்டிவிட்டது. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசைத் தின்று, அதைப் பிணைத்து இறுக்கும் லிக்னினை விட்டுவைப்பது பழுப்பு உக்கல். மரம் கட்டம் கட்டமாக வெடிக்கும். லிக்னினையும் தின்பது வெள்ளை உக்கல்; வெளுத்து நார்நாராகும்.

‘டிரை ராட்’டை (dry rot) ‘உலர் அழுகல்’ என்று பெயர்ப்பது தவறான வழி காட்டும். செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற அந்தப் பூஞ்சைக்கும் ஈரம் வேண்டும். தின்று முடித்த கட்டைதான் உலர்ந்து நொறுங்கும். அந்தப் பூஞ்சை கயிறுபோன்ற இழைகளால் செங்கற்சுவரையும் கடந்து அடுத்த மரத்துக்குப் போகும். எனவே ‘படர் உக்கல்’.

---

நீங்கள் முன்மொழிந்த ‘படர் உக்கல்’ எனக்கு உடன்பாடு. கதிரியக்கத்துக்குச் ‘சிதைவு’ பாடநூலில் ஊன்றிவிட்டது, தொட வேண்டாம். ஒலிக்குத் ‘தணிவு’ சரி. எதிர்முழக்க நேரம் என்பதே ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரந்தானே.

‘உளுத்தல்’ எல்லா ஊரிலும் வண்டோடு நிற்பதில்லை, பூஞ்சைக்கும் சொல்வார்கள். கலைச்சொல்லில் பிரித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் கலைச்சொல் பதிவில் அந்த வரையறையை எழுதிவையுங்கள்.

‘சாஃப்ட் ராட்’ (soft rot) என்ற வகை விடுபட்டிருக்கிறது. எப்போதும் நனைந்திருக்கும் மரத்தில், குளிர்விப்புக் கோபுரப் பலகைகளில் வருவது. மேற்புறம் நகத்தால் சுரண்டினாலே வரும், உள்ளே கெட்டியாக இருக்கும். ‘மென்னுக்கல்’ என்று வைக்கலாம். படகு கட்டுவோரிடம் இதற்குத் தனிச்சொல் இருந்தால் அதற்கே முதலிடம். கரையோரத்து நண்பர்கள் விசாரித்து எழுதுங்கள்.